நம் ஊர் நடுகற்களை ஓவிய மாணவர்கள் வரையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு நடுகல் பற்றி, அதாவது செத்துப்போன வீரனுக்கு நட்ட நினைவுக்கல் பற்றி, செய்தி வந்திருந்தது, படமும் போட்டிருந்தீர்கள். வீரன் இடது கையில் வில், வலது கையில் வாள் என்று செய்தியில் எழுதியிருந்தது. ஆனால் படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு கருங்கல்லும் அதன் மேல் கிடந்த மாலையும்தான். உங்கள் மேல் குறை சொல்லவில்லை, உச்சி வெயிலில் செல்போனில் எடுத்தால் யார் எடுத்தாலும் அப்படித்தான் வரும். நான் ஓவியத்தில் முதுகலை படிக்கும் மாணவி. சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம். இந்தக் கற்களைக் கையால் வரைவதைத்தான் என் ஆய்வாக எடுத்திருக்கிறேன், அதனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் படிப்பில் கடைசி வருடம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து வரைந்த ஓவியத் தொகுப்பு ஒன்று, அதை ஒட்டிய ஆய்வேடு ஒன்று. ஆய்வேடு என்றதும் பலருக்கும் வயிற்றைக் கலக்கிவிடும், ஏனென்றால் வரைந்தே பழகிய பிள்ளைகளுக்கு எழுத்து என்றால் பயம். அப்புறம் என்ன நடக்கிறது என்றால், நூலகத்தில் பழைய ஆய்வேடுகளின் அட்டையைப் புரட்டி ஒரு ஐரோப்பிய ஓவியரையோ ஏதாவது ஒரு இயக்கத்தையோ எடுத்துக்கொள்கிறார்கள், இணையத்தில் கிடைப்பதைத் தொகுத்து எழுதிக் கொடுக்கிறார்கள், ஓவியங்களை அதற்குச் சம்பந்தமே இல்லாமல் வேறு பக்கம் வரைகிறார்கள். அந்த ஓவியர்கள் பெரியவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நேரில் ஒரு தடவைகூடப் பார்க்க வாய்ப்பில்லாத ஓவியத்தின் தூரிகை வீச்சைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதும் ஒரு பாலக்கோட்டுப் பிள்ளையின் ஊர் ஏரிக்கரையிலேயே ஆயிரம் வருடத்துக் கோடு ஒன்று யாரும் வரையாமல் நிற்கிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்தில் செங்கம் பகுதி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலம் இதுதான். பல்லவர் காலத்திலிருந்தே இங்கே கல் நட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் மாட்டை ஓட்டிப்போன அன்று அதை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு, புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு, பன்றி வேட்டையில் செத்தவனுக்கு எல்லாம் கல் உண்டு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் இருக்கிறது, திருடர்களைக் கடித்த அந்த நாயின் பெயரையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் போனால் புறநானூறு. தகடூர் அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிக் கள் படைப்பதை ஔவை பாடுகிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இவ்வளவு இருந்தும் கல்வெட்டு வாசகத்தைப் படித்து அச்சில் கொண்டுவந்த அளவுக்கு உருவத்தை யாரும் கவனிக்கவில்லை. எழுத்தைப் படிக்க அறிஞர்கள் வந்தார்கள், வணங்க வேண்டியவர்கள்தான். உருவத்தைப் படிக்க வரைபவர்கள் வர வேண்டும்.

புகைப்படம் போதாதா என்று என் வகுப்பிலேயே கேட்கிறார்கள். போதாது. இந்தக் கற்களில் பெரும்பாலானவை மேலோட்டமான புடைப்பு வேலை, பல கற்களில் உருவம் கல்லின் பரப்பிலிருந்து விரல் பருமன்கூட எழும்பியிருக்காது. வெளிச்சம் நேராக விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும், காலையிலும் சாயங்காலமும் பக்கவாட்டில் வெயில் விழும்போதுதான் முழங்கால் எங்கே மடங்குகிறது, அம்பு எந்த இடத்தில் உடம்பில் ஏறியிருக்கிறது என்பது தெரியும். அதுவும் ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் மறுபக்கக் கோடு நிழலில் போய்விடும். வரைபவருக்கு மட்டும்தான் காலை வெயிலில் பார்த்ததையும் மாலை வெயிலில் பார்த்ததையும் ஒரே தாளில் சேர்க்க முடியும், உளிக் கோடு எது, வெடிப்பு எது, காலப்போக்கில் பொரிந்துபோனது எது என்று பிரித்துக் காட்டவும் முடியும். நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கல்லுக்கு முன்னால் பிடித்துக் கட்டம் போட்டு, அளவு நாடாவால் அளந்து, அதே விகிதத்தில் தாளுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பென்சில், சந்தேகம் தீர்ந்த கோட்டுக்கு மட்டும் இந்தியன் இங்க், சந்தேகம் உள்ள இடத்தில் புள்ளிக்கோடு. கல்லில் சாக்பீஸையோ மாவையோ தேய்த்து உருவத்தை எடுப்பாகக் காட்டி வரையும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை அடியோடு விட வேண்டும். தேய்க்கிறவர் எதைக் கோடு என்று நினைக்கிறாரோ அதுதான் அப்புறம் எல்லோர் கண்ணிலும் படும், கல்லுக்கும் கெடுதல்.

இப்படி உட்கார்ந்து வரைய ஆரம்பித்தால் தலைப்பைத் தேட வேண்டியதில்லை, கல்லே கேள்வியைக் கொடுக்கும். 'தருமபுரி நடுகற்கள்' என்று வைத்தால் அது தலைப்பே இல்லை, பத்துப் பேர் பத்து வருடம் செய்தாலும் முடியாது. வரையும்போது கை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். என் கை நின்றது வீரனின் இடுப்பில். பல கற்களில் கால்கள் பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும், மார்பு நம்மைப் பார்த்து இருக்கும், முகம் மறுபடி திரும்பியிருக்கும். ஆளை நிற்க வைத்து வரையப் பழகிய கைக்கு இது முதலில் தப்பு மாதிரிப் படும். வரைய வரையத்தான் புரிந்தது, வில்லும் தெரிய வேண்டும், வாளும் தெரிய வேண்டும், பாய்ச்சலும் தெரிய வேண்டும் என்று நினைத்த சிற்பி இந்த மூன்றும் சந்திக்கிற இடமாக இடுப்பைப் பிடித்திருக்கிறான். அந்தத் திருப்பத்தை ஒவ்வொரு கல்லிலும் எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்பதுதான் இப்போது என் ஆய்வு. இது எந்தப் புத்தகத்தின் அட்டையிலிருந்தும் வந்த கேள்வி அல்ல.

இன்னொரு பெரிய கேள்வி சும்மா கிடக்கிறது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். தருமபுரி, ஊத்தங்கரைப் பக்கம் கிடைக்கும் பழைய கற்களில் பெரும்பாலும் ஒரே பலகை, ஒரே வீரன், ஒரே நொடி. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் கன்னட நாட்டுப் பாணியில் அடுக்கு அடுக்காக வரும். கீழே சண்டை, நடுவில் தேவமாதர் வீரனைத் தூக்கிப் போவது, மேலே அவன் லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பது. ஒரு சாவை ஒரே உருவத்தில் சொல்வது ஒரு வழி, மூன்று கட்டமாகப் பிரித்துக் கதையாகச் சொல்வது இன்னொரு வழி. இரண்டும் சந்திக்கிற எல்லை நம் இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. கங்கர், நொளம்பர், ஒய்சளர், சோழர் என்று மாறி மாறி ஆண்ட நிலம் என்பதால் அப்படி. இன்றைக்குப் படக்கதை வரைய ஆசைப்படும் மாணவர்கள் எத்தனையோ பேர். கட்டம் எப்போது உடைய வேண்டும், எப்போது ஒரே படம் போதும் என்பதை இந்தக் கற்களை வரிசையாக வரைந்தாலே கற்றுக்கொள்ளலாம்.

நடுகல் பிடிக்காதவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்கள் இருக்கிறார்கள், இரண்டு மூன்று கோட்டில் குதிரை ஓடுகிறது. மல்லசந்திரத்தில் குன்றின் மேல் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள், சிலவற்றின் உள்பக்கம் வெள்ளை ஓவியம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள், பழைய ஓவியங்கள் தெரியும். திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து முடிகிற நாளில் மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைக்கிறார்களே, அவ்வளவு பெரிய உருவத்தைக் கீழே நின்றுகொண்டு எப்படி அளவு தப்பாமல் குவிக்கிறார்கள் என்று அந்தக் கைகாரரோடு கூடவே இருந்து வரைந்தால் அது அருமையான ஆய்வு. அடுத்த நாளே அந்த உருவம் இருக்காது என்பதால் அவசரமான ஆய்வும்கூட. ஒகேனக்கலில் மூங்கிலைப் பின்னிப் பரிசல் கட்டுவதை வரைகிறவருக்கு வட்டத்தைப் பற்றி எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

வெளியூர்க்காரர்கள் நம் ஊரை வரைந்திருக்கிறார்கள். 1792இல் திப்புவோடு நடந்த போர் முடிந்து பாராமகால் என்று அப்போது அழைத்த நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன அதே வருடம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் இந்த வழியாகப் போனார்கள். இராயக்கோட்டையையும் ஓசூரையும் வரைந்து இலண்டனில் அச்சிட்டார்கள், அந்தப் படங்கள் இன்றைக்கும் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நன்றாகவும் வரைந்திருக்கிறார்கள். ஆனால் அது மலையையும் கோட்டையையும் தூரத்திலிருந்து பார்த்த கண். 1850இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் நம் மண்ணின் கோடுகளை, எழுத்தை, நாட்டுப்புற உருவங்களை எடுத்து நவீன ஓவியம் செய்யலாம் என்று ஒரு தலைமுறையே கிளம்பியது. அந்த வேலை இன்னும் நம் பக்கம் வந்து சேரவில்லை என்றுதான் சொல்வேன்.

வரையப் போகும்போது வருகிற சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் கல்லுக்கு முன்னால் நாடாவோடு உட்கார்ந்தால், "யாரும்மா நீ, புதையல் தேட வந்தியா?" என்றுதான் முதல் கேள்வி வரும். கோபப்படக் கூடாது. கல்லுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று நம்பி ராத்திரியில் தோண்டிக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஊர்க்காரர்கள் சந்தேகப்படுவது நியாயம். நிறைய ஊர்களில் அந்தக் கல்தான் வேடியப்பன், குலசாமி. செருப்பைக் கழற்றிவிட்டு, பூசை செய்யும் பெரியவரிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், அரைமணி நேரத்தில் அவரே குடம் எடுத்து வந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட முன்வருவார். அவர்களிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். சாமிக்கு மஞ்சள் வையுங்கள், பொட்டு வையுங்கள், பொங்கல் வையுங்கள், எனாமல் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், சிமென்ட் வைத்துப் பாதிக் கல்லைப் புதைக்காதீர்கள். வீரனின் காலடியில்தான் பல கற்களில் கெண்டியும் (மூக்கு வைத்த சின்னச் செம்பு) மாடும் சின்னதாகச் செதுக்கியிருக்கும், சிமென்ட் மேடை கட்டியதும் முதலில் மறைவது அதுதான்.

அகழாய்வுப் பொருட்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகம், அருங்காட்சியகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு கோரிக்கை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடுகற்களைக் கொண்டுவந்து பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள், அது பெரிய காரியம். அங்கே மாணவர்கள் ஒரு ஸ்டூலைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்து வரைய எளிதாக அனுமதி கிடைக்கும்படி செய்யுங்கள். பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பத்து நிமிடம் போதும், வரைகிறவருக்கு ஒரு கல்லுக்கு ஒரு நாள்கூடப் பத்தாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு விளக்கு வைத்திருந்தால் இன்னும் நல்லது. பள்ளி ஓவிய ஆசிரியர்களும் பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாளாவது அங்கே கூட்டிப்போகலாம். மலை, இரண்டு தென்னை, நடுவில் சூரியன் என்று வரைந்துகொண்டே இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வில்லோடு பாய்கிற ஆளைக் காட்டிப் பாருங்கள், அன்றைக்கே கோடு மாறும்.

கடைசியாக உங்களிடம், ஆசிரியர் அவர்களே. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு 4200 வருடம் பழையது என்று 2022இல் அறிவிப்பு வந்தபோது எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டது, எங்களுக்கும் பெருமையாக இருந்தது. வயதைச் சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. உருவத்தைக் காட்ட நாங்கள் இருக்கிறோம். இனி நடுகல் செய்தி வந்தால் புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு கோட்டோவியமும் சேர்த்துப் போடுங்கள். வரைந்து தர எங்களைப் போன்ற மாணவர்கள் தயார், பணம் எதுவும் வேண்டாம், வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். செய்தி தருகிறவர் கல் இருக்கும் ஊரைச் சொல்லிவிட்டால் அந்த வாரக் கடைசியிலேயே வரைபலகையோடு வந்துவிடுவோம். கல் இருக்கும் இடத்தை விளக்கமாக அச்சில் போட வேண்டாம், புதையல் தோண்டுகிறவர்களும் பத்திரிகை படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓவிய முதுகலை மாணவி,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.