வெயில் அடித்தால் பியாஸ் ஏறும்: ராஃப்டிங்குக்கு வருகிறவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மே, ஜூனில் எங்களோடு குலு, மணாலி வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "மழையே இல்லையே, அப்புறம் ஏன் இன்றைக்கு ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றோடு போவது) கிடையாது என்கிறீர்கள்?" கோடையில் பியாஸ் ஆற்றுக்கு மணாலிக்கு மேலே ரோதாங் கணவாய்ப் பக்கத்து மலைகளில் உருகும் பனிதான் தண்ணீர், அதனால் நாலு நாள் சேர்ந்தாற்போல நல்ல வெயில் அடித்தால் ஆறு ஏறிக்கொண்டே போகும். ஒரே நாளுக்குள்ளும் மாறும். மத்தியானம் மேலே உருகுவது குலு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும் என்பதால் சாயங்காலம் வேகம் கூடியிருக்கும், காலையில் தணிந்திருக்கும். உங்களை விடிந்ததும் கிளப்புவது இதற்காகத்தான்.

குலுவுக்குப் பக்கத்தில் ராஃப்டிங் தொடங்கும் பிர்டியில் படகு இறக்கும் முன் கைடு கரைக் கல்லைப் பார்ப்பார். தண்ணீருக்கு மேலே ஈரக்கோடு தெரிந்தால் ஆறு இறங்குகிறது. காய்ந்த கல் நனைந்துகொண்டே வந்தால், கூடவே சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஏறுகிறது. அங்கிருந்து ஜிரி வரை சுமார் 14 கிலோமீட்டர். நடுவில் புந்தரில் பார்வதி ஆறும் வந்து சேர்வதால் பிர்டியில் சாதுவாகத் தெரிவதை நம்பிப் போக முடியாது. 2023 ஜூலை வெள்ளம் பாறைகளையே உருட்டிப் போட்டது, எனவே பழைய பழக்கத்தில் யாரும் படகு ஓட்டக்கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

நீச்சல் தெரியும் என்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறோம். பனித்தண்ணீரில் விழுந்ததும் மூச்சு வாங்கும், கொஞ்ச நேரத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. பதறாமல் மல்லாந்து, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி, பாதம் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்து போங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க மட்டும் பார்க்காதீர்கள், கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் தண்ணீர் உங்களைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். விழுந்து கிடக்கும் மரம் எதிரே வந்தால் விலகி நீந்துங்கள். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

போட்டோவுக்காக ஆற்றுக்குள் இறங்காதீர்கள். 2014 ஜூனில் இதே பியாஸில் உள்ள லார்ஜி அணை திறந்தபோது ஹைதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் யாரும் படகில் இல்லை.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை ராஃப்டிங்குக்கு அரசுத் தடை உண்டு, அந்த நாட்களுக்கு முன்பதிவு எடுப்பதில்லை. மற்ற நாட்களில் "இன்றைக்கு வேண்டாம்" என்று கைடு சொல்லிவிட்டால் ராஃப்டிங் பணம் முழுதும் திரும்பத் தருவோம், நக்கர் கோட்டைக்குக் கூட்டிப்போவோம். தயவுசெய்து அன்றைக்கு வேறு படகில் போய் ஏறிவிடாதீர்கள்.