மேக்ஸ் ரிக்டரும் எங்கள் பக்கத்து உடுக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இசையமைப்பாளர் மேக்ஸ் ரிக்டர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மேற்கத்திய சாஸ்திரிய இசையையும் மின்னணு இசையையும் சேர்த்து எழுதும் ஒருவரைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் போட்டதற்கு நன்றி. நான் காங்கேயம் பக்கம் ரேடியோ செட் வைத்திருப்பவன். கல்யாணம், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக் கட்டுகிறேன். ரிக்டரின் இசையைச் சில ஆண்டுகளாக விடாமல் கேட்டும் வருகிறேன். அதனால் சொல்கிறேன், கட்டுரையில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

கம்ப்யூட்டர்தான் அவரை உருவாக்கியது என்ற எண்ணம் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு வரும். 1966இல் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் வளர்ந்தவர் அவர். பியானோ படிக்கிற வயதிலேயே கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவைக் கேட்டு மயங்கி, சர்க்யூட் படத்தைப் பார்த்துத் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் கருவியைத் தானே சால்டரிங் வைத்துக் கட்டியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுத் தொழில் பழகிய எனக்கு அதைக் கேட்டபோது அவ்வளவு சந்தோஷம். அவர் வீட்டுக்குப் பால் ஊற்றியவரும் பெரிய இசை ரசிகராம். பாலோடு சேர்த்து பிலிப் கிளாஸ் போன்ற புதுமை இசையமைப்பாளர்களின் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து கொடுப்பாராம். அப்புறம் எடின்பரோ பல்கலைக்கழகம், லண்டன் ராயல் அகாடமி, இத்தாலியில் இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோவிடம் பாடம் என்று வருடக்கணக்கில் படிப்பு. 'பியானோ சர்க்கஸ்' என்ற, பல பியானோக்கள் சேர்ந்து வாசிக்கும் குழுவில் பத்து வருடம் வாசித்திருக்கிறார். முதல் தனித் தொகுப்பு வந்தது 2002இல்தான். அதையும் அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவு படித்திருந்ததால்தான் 2012இல் பழைய இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' மேல் அவரால் கை வைக்க முடிந்தது. மூலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்திலிருந்து புதிதாக எழுதினார். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லித் தராது.

2015இல் வந்த அவருடைய 'ஸ்லீப்' (தூக்கம்) என்ற இசை எட்டரை மணி நேரம் ஓடும். மேடைக்கு முன்னால் நாற்காலிக்குப் பதில் கட்டில் போடுகிறார்கள். சனம் படுத்துத் தூங்கிக்கொண்டே கேட்கலாம். கட்டுரையாளர் இதை உலகத்தில் எங்கும் இல்லாத புதுமை என்கிறார். எங்கள் பக்கம் அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். பொன்னர், சங்கர், தங்காள் கதை ஒரு ராத்திரியில் முடியாது. பாயை விரித்துப் படுத்திருக்கும் சனம் பாதி தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சண்டை வருகிற இடத்தில் சரியாக எழுந்து உட்காரும். உடுக்கையின் கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். சின்தசைசரில் குமிழைத் திருப்பி ஒலியை வளைப்பதும் இதே வேலைதான். ரிக்டர் எங்கள் ஊரில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் இடையிலேயே எழுந்து போகமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அவருடைய எட்டரை மணி நேரத்திலும் மேடையில் ஆட்கள் இருக்கிறார்கள். வயலின், செல்லோ வாசிப்பவர்களும், பாடகி ஒருவரும், பியானோவில் அவரும் இருக்க, பக்கத்தில்தான் மின்னணுக் கருவி. நம் கோயில்களில் நடந்தது வேறு. சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி முரசும் மணியும் தானாக அடிக்கும் மின்சார மேளம் வந்தது. தீபாராதனை நேரத்துக்கு வந்துகொண்டிருந்த நாதசுரக்காரரும் தவில்காரரும் வருவது நின்றுபோன கோயில் எனக்குத் தெரிந்தே உண்டு. சம்பளம் மிச்சம் என்றார்கள். சின்னக் கோயிலில் வருமானம் குறைவு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்தை இசை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என் சோறே அதில்தான். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் எங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் டேப்பில் பதிவு செய்தார். ஒரு டேப் ரெக்கார்டர் பாடகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால் அன்றைய குரல் மிஞ்சியது. ஈரோட்டிலும் கரூரிலும் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன, கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. நாதசுரம், தவில் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே மைக்கை எங்கே வைப்பது, எப்படிப் பதிவு செய்வது, கம்ப்யூட்டரில் எப்படி அடுக்குவது என்பதையும் பாடமாக வைக்க வேண்டும். உடுக்கைப் பாடகர்களை அழைத்துவந்து அவர்களிடம் பிள்ளைகள் கேட்டுப் பழகவும் வழி செய்ய வேண்டும். கருவி அவர்கள் கைக்கு வந்தால், அதை வைத்து என்ன செய்வது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிக்டருக்குக் கொடுத்த இடத்தை எங்கள் பக்கத்து உடுக்கைப் பாடகர் ஒருவருக்கும் கொடுங்கள். நிருபரை ஒரு ராத்திரி முழுக்க உட்காரச் சொல்லி அனுப்புங்கள். பதிவு செய்ய மைக்கும் மிக்ஸரும் நான் கொண்டுவருகிறேன், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
ரேடியோ செட் வாசகர்,
காங்கேயம்.