கட்டுரைக்குச் சட்டகம் வேண்டுமா?

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். முட்டி வலி குறைந்து காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் தமிழாசிரியையாகச் சேர்ந்துவிட்டாள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் கொடுத்தால் பிள்ளைகளின் சொந்த எழுத்து கெட்டுப்போகுமா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். தாராளமாகக் கொடுக்கட்டும்; ஆனால் பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு கொடுக்கட்டும்.

பத்தாம் வகுப்புத் தமிழில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். 35 எடுப்பதற்கே திணறும் பையன் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதினால் பாதிக்குமேல் வாங்கிவிடுவான். வெறும் தாளைப் பார்த்து மிரண்டவனைப் பேனா எடுக்க வைக்கிறதே, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சட்டகத்தோடு அதற்குள் இருக்கும் வரிகளையும் நோட்ஸைப் பார்த்து உருப்போட வைக்கிறோம். உங்கள் ஊரில் நடந்த அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்ததை எழுதுக என்று பாடநூலில் ஒரு கட்டுரை உண்டு. எங்கள் ஊரில் ஏது பொருட்காட்சி? வகுப்பு மொத்தமும் ராட்டினம் ஏறி, டெல்லி அப்பளம் தின்று, ‘மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்’ என்று முடித்திருந்தது. பெயரை மறைத்தால் எந்தத் தாள் யாருடையது என்றே தெரியாது.

போன மாதம் எங்கள் வாரச் சந்தையைப் பற்றி எழுதச் சொன்னேன். உட்தலைப்பு கூடாது, பார்த்ததை எழுதினால் போதும் என்றேன். நாலு வரியைத் தாண்டாத ஒருவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். அப்பாவோடு ஆடு விற்கப் போயிருக்கிறான். தரகர் கையைத் துண்டால் மூடி, அப்பாவின் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார். துண்டுக்குள் நடப்பது தெரியாமல் அப்பாவின் முகத்தையே இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். முகம் சுருங்கியதும் விலை படியவில்லை என்று புரிந்துகொள்கிறான். ஒற்றுப்பிழை ஏராளம், ஆனால் என்ன எழுத்து!

மறுநாள் அதற்கு உட்தலைப்பு வைக்கச் சொன்னேன். ‘விடியற்காலை வண்டி’, ‘துண்டுக்குள் விலை’, ‘திரும்பி வந்த ஆடு’ என்று வைத்தான். வைக்கும்போதே, முன்பின்னாகக் கிடந்த இரண்டு பத்திகளை அவனாகவே இடம் மாற்றினான். சட்டகத்தால் ஆகவேண்டிய வேலை இதுதான் நண்பா.

தலைமையாசிரியர் தேர்ச்சி விழுக்காடு கேட்பார்தான். பொதுத்தேர்வு வடிவத்துக்குக் கடைசி இரண்டு மாதம் பழக்கினால் போதும் என்று மகளிடம் சொல். ஜூன் மாதமே ஆரம்பிக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அந்தப் பையனிடம் கேட்டு நோட்டை வாங்கி வருகிறேன், அவளும் படிக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்