சுவரின் அடியைப் பார்

பாப்பாவுக்கு,

உன் மண் வீட்டைக் காட்டி நீ அனுப்பிய நாலு படமும் வந்தது. பச்சைக் கல்லை நீயே அறுத்து வெயிலில் காயவைத்தாய் என்று தபால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். நல்ல வேலையை விட்டுவிட்டு மண்ணிலும் சாயத்திலும் கையை வைக்கிறாயே என்று கத்தியவனும் நான்தான். அது அப்போது. ஆனால் தீபாவளிக்குக் கூட ஒரு போன் இல்லையே அம்மா?

நாலு படத்திலும் நீ மட்டும் நிற்கிறாய். எடுத்தது மாப்பிள்ளையாக இருக்கும் என்கிறாள் அம்மா. சரி.

பனி உருகும்போது சுவரின் அடியைப் பார். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அடியில்தான் ஈரம் ஏறும்.

நியூ மெக்சிகோவில் அபிக்யூ கிராமத்துக்கு நீ கூட்டிப்போனதை அடிக்கடி நினைக்கிறேன். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1945-இல் அங்கே வாங்கியபோது அது இடிந்த வீடுதானே. அவர் தோழி மரியா ஷபோ கூடவே நின்று மூன்று வருடத்துக்கு மேல் வேலை வாங்கியிருக்கிறார். முற்றத்துச் சுவரில் அந்தக் கறுப்புக் கதவு. அதையே ஓ'கீஃப் திரும்பத் திரும்ப வரைந்தார் என்றாய். சுவரை மெழுகுவது அங்கேயும் பெண்கள் கை வேலைதான் என்று கேட்டதும் எனக்கு அப்பத்தா ஞாபகம். ஓ'கீஃபின் கணவர் ஸ்டீக்லிட்ஸ் கடைசி வரை நியூ மெக்சிகோவுக்கு வந்ததே இல்லை என்று வழிகாட்டி சொன்னபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வெயில் கண்ணில் பட்டது என்று நினைத்தேன்.

சாண்டா ஃபேயில் ஐந்து இளம் ஓவியர்கள் 1920-களில் தாங்களே கட்டிக்கொண்ட மண் வீடுகளையும் காட்டினாய். ஆனால் என்னை உலுக்கியது டாவுஸ் பக்கத்து ரான்சோஸ் தேவாலயம்தான், ஓ'கீஃப் வரைந்தாரே, அது. 1967-இல் அதற்கு சிமெண்ட் பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மண் கல் கரைந்தது. 1979-இல் அத்தனையையும் உரித்துவிட்டு மறுபடி மண்ணே பூசினார்கள். இன்றும் ஊரே கூடி வருடா வருடம் பூசுகிறது. நீ இதைச் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை, கவனித்தாயா?

அப்பத்தா வீட்டுப் பின்சுவர் விழுந்ததற்கு மேஸ்திரிதான் காரணம், மணலில் ஏமாற்றிவிட்டார் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய் பாப்பா. உன் சடங்குக்குச் சம்பந்தக்காரர்கள் வருவார்கள், மண் சுவர் கேவலம் என்று சிமெண்ட் பூசச் சொன்னது நான். "வேணாம்டா, வருஷம் ஒருதரம் என் கை பட்டாத்தான் அது நிக்கும்" என்று அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். கிழவிக்கு என்ன தெரியும் என்றேன். நாலு மழைக்காலம் வெளியே கீறல் கூட இல்லை. ஐந்தாவதில் ராத்திரியோடு ராத்திரியாக விழுந்தது. அதற்கப்புறம் நம் வீட்டில் ஆறு வருடம் இருந்தாள். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

நீ சிமெண்ட் பூசிவிடாதே. யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே, நாங்கள் உள்பட. அடியைப் பார்.

அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், சொல்ல முடிந்தால்.

பூச்சு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுது. வைக்கோல் போட்டு மண் மிதிக்க எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன்.

அப்பா