நீ அனுப்பிய மூன்று வாட்சுகள்

அன்புள்ள செல்வம்,

கடிதமும் போட்டோக்களும் கிடைத்தன. பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து, குனியக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் ஒரே கெடுபிடி. இப்போது பளிச்சென்று தெரிகிறது. வாட்ச் பார்க்கும் பூதக்கண்ணாடியான லூப்பை நான் அந்தக் கண்ணில்தான் வைப்பேன் என்பதால் வலது கண்ணுக்கு அவசரமில்லை, தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சின்னவளுக்கு வேலை கிடைத்த சேதி சந்தோஷம். பெங்களூரில் வீட்டு வாடகையைக் கேட்டால் உனக்கு மயக்கம் வரும், அதற்கும் தயாராக இரு.

சரி, போட்டோ அனுப்பி ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று நீ கேட்ட மூன்று வாட்சுக்கு வருவோம். கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆரஞ்சு டயல் எச்.எம்.டி பைலட், பைலட் இல்லை. பைலட் என்றால் நாம் பார்த்து வளர்ந்தது கறுப்பு டயல், வெள்ளை எண்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஆகாச நீலம், நடுவில் ஒரு விமானப் படம், பட்டாளத்துச் சின்னம் என்று இணையத்தில் வருவதில் அநேகமாக எல்லாமே பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்தவை. வெளிநாட்டில் பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் இந்த மாதிரிச் சரக்குக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதே மும்பையில், மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு நீ அதை இணையத்தில் வாங்கி, கூரியருக்கும் பணம் கட்டியிருக்கிறாய். சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னித்துவிடு.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். நீ அனுப்பிய போட்டோவையே பெரிதாக்கிப் பார். டயலைச் சுற்றி ஓடும் நிமிடக் கோடுகளில் 4 மணியைத் தாண்டினால் இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அதற்கடுத்த கோடு விலகி ஓடுகிறது. 6-க்கு மேலே இருக்கும் எழுத்து வரி நடுவில் உட்காராமல் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறது. தொழிற்சாலையில் டயல் அச்சடிக்கும் விதமே வேறு. எழுத்தை உலோகத் தகட்டில் குழியாகச் செதுக்கி, மையைத் தடவி வழித்துவிட்டு, குழியில் தங்கிய மையை மெத்தென்ற ஒரு உருண்டையால் ஒற்றியெடுத்து டயலில் பதிப்பார்கள். அதனால் லூப்பில் பார்த்தால் எழுத்து கொஞ்சம் மேடாக, விளிம்பு கத்தரித்த மாதிரி கூர்மையாக இருக்கும். உன்னுடையதில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறது, 'S' வளைவுக்குள் மை அடைத்துக்கொண்டிருக்கிறது. ரிப்பேர்காரரிடம் மெஷினைக் கேஸிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லி டயலின் விளிம்பையும் பார். திரும்பப் பெயின்ட் அடிக்கிறவர்கள் டயலை நேராகப் பிடித்து வைப்பதற்காக 3 மணி அல்லது 9 மணிப் பக்கம் ஒரு சின்ன வெட்டு வெட்டிவைப்பது உண்டு. வெட்டு இல்லை என்பதால் ஒரிஜினல் என்று முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் இருந்தால் அநேகமாக விஷயம் முடிந்தது.

இன்னொன்று, ராத்திரி முழுக்க முள் மின்னுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதுதான் இடிக்கிறது! நாம் எல்லாவற்றையும் ரேடியம் என்றுதான் சொல்வோம், ஆனால் நிஜ ரேடியம் பூச்சு 1960-களிலேயே ஒழிந்துவிட்டது. பிறகு வந்த டிரிட்டியமும் கதிர்வீச்சால் மின்னுவதுதான், சுமார் 12 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும், 40 வருஷம் போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கதிர்வீச்சே இல்லாத பழைய பூச்சு வெளிச்சத்தில் காட்டி எடுத்தால் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்துவிடும். விடியும்வரை மின்னுகிற சரக்கு 1993-ல் ஜப்பானில் நெமோட்டோ கம்பெனி கொண்டுவந்த லூமிநோவாவுக்குப் பிறகு வந்தது. ஆக, '70-களின் பைலட்' என்று விற்றவர் சொன்னதை முள்ளே பொய்யாக்கிவிடுகிறது.

உள்ளே இருக்கும் மெஷின் மட்டும் நிஜ எச்.எம்.டி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1961-ல் சிட்டிசன் கம்பெனியின் கூட்டில் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை, சாவி கொடுக்கிற 17 கல் மெஷின் (கல் என்றால் சக்கரங்கள் தேயாமல் இருக்க உள்ளே பதிக்கிற சின்னக் கற்கள்), எச்.எம்.டியின் இன்னொரு மாடலான ஜனதாவிலும் பைலட்டிலும் ஓடுவது ஏறக்குறைய ஒன்றேதான். அதனால்தான் தேய்ந்துபோன ஜனதாவுக்கு வேறு டயல் மாட்டி பைலட் ஆக்குவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. 2016-ல் எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு பழசுக்கு ஏறிய மவுசு உனக்கே தெரியும். (அதைப் படுக்கவைத்தது, தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து ஆரம்பித்த நம்ம ஓசூர் டைட்டன்தான். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம், நீ எப்போதும் பெங்களூர் கட்சி.)

அடுத்து சீகோ 5. இதில்தான் எனக்கு ருசி. சீகோவில் பொய் சொல்வது கஷ்டம், ஏனென்றால் வாட்ச் மேலேயே ஜாதகம் எழுதியிருக்கிறார்கள். பின்மூடியில் கோடு போட்டுப் பிரித்த ஒரு எண் இருக்கும், அதன் முதல் நாலு இலக்கம் மெஷின் எண், பின்பாதி கேஸ் எண். உன்னுடையதில் முதல் பாதி 7009. பக்கத்தில் தனியாக ஒரு வரிசை எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு 'O', நவம்பருக்கு 'N', டிசம்பருக்கு 'D'. உன் வாட்சில் 8, அதையடுத்து 'N'. அப்படியென்றால் நவம்பர் 1978 அல்லது நவம்பர் 1988, எந்தப் பத்தாண்டு என்று அது சொல்லாது, மாடலை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இப்போது டயலுக்கு வா. 6 மணிக்கும் கீழே, விளிம்பை ஒட்டி, வெறும் கண்ணுக்குத் தூசு போலத் தெரியும் இடத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. இரண்டாவது போட்டோவைச் சாய்வாக எடுத்திருந்தாயே, அதில் நன்றாக விழுந்திருக்கிறது. அது 7எஸ்26 என்று ஆரம்பிக்கிறது. 7எஸ்26 மெஷின் சந்தைக்கு வந்ததே 1996-ல். அப்படியானால் முகம் முதுகைவிட ஏழு வருஷமாவது இளையது. டயலில் 21 ஜூவல்ஸ், அதாவது 21 கல் என்று போட்டிருக்கிறது, உள்ளே ரோட்டர் (கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் தகடு) போட்டோவில் 17 என்று இருக்கிறது. டயல் சீகோவினுடையதுதான், அச்சு சுத்தமாக இருக்கிறது. பின்மூடியும் சீகோவினுடையதுதான். இரண்டும் சந்தித்துக்கொண்டது ஏதோ ஒரு ரிப்பேர் மேசையில். இதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன், கலப்படம் என்றுதான் சொல்வேன். நிமிட முள்ளையும் கவனி, நிமிடக் கோட்டைத் தொடாமல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது, ஆக முள்ளும் வேறு வாட்சிலிருந்து வந்தது. கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு அரபி இருப்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, விற்ற நாட்டுக்கு ஏற்றபடி கம்பெனியே மாற்றி மாற்றிப் போட்டது, வளைகுடாவிலிருந்து வந்த வாட்சுகளில் அது சகஜம்.

நீ கேட்ட கேள்வி, "இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்பது. அப்படிக் கேட்டால் விற்கிறவர் கூசாமல் ஒரிஜினல் என்பார், பாதி உண்மையும்கூட. ஒவ்வொரு பாகமும் ஒரிஜினலாக இருந்தும் வாட்ச் ஒரிஜினலாக இல்லாமல் போகலாம். இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் ஒரே வாட்சாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தனவா என்று கேள், அதற்கு அவர் உடனே பதில் சொல்ல மாட்டார்.

இதில் நீயும் நானும் மட்டும் ஏமாறவில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஐச் சேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, டயல் பழுப்பேறிப்போய், 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேலே போனது. வாங்கியது யார் தெரியுமா, ஒமேகாவின் சொந்த மியூசியம். 2023-ல் ஒமேகாவே சொன்னது, அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துத் தைத்த பிராங்கன்ஸ்டைன் என்று, கம்பெனியில் வேலை பார்த்த மூன்று முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு உண்டு என்று. பாகங்களில் பெரும்பாலானவை அசல். டயலுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், பழைய வாட்சில் பணம் இருப்பதே முகத்தில்தான். ஹாலிவுட் நடிகர் பால் நியூமேனின் சொந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க்கில் 1.77 கோடி டாலருக்குப் போயிற்று. அதற்கு அவர் பேரும் ஒரு காரணம் என்றாலும், அவர் பேரிலேயே அழைக்கப்படும் அந்த ஒருவித டயல் இருந்தால் யாருடைய பழைய டேடோனாவுக்கும் விலை பல மடங்கு எகிறும். அப்புறம் அந்த டயலைப் போலியாக அடிக்க ஆள் இல்லாமல் இருப்பார்களா?

கடைசியாக அப்பாவின் ஃபாவ்ர் லூபா சீ கிங். நீ இதைக் கடைசியாகச் சேர்த்து, 'பார்க்கவே சகிக்கவில்லை, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார், கொடுக்கட்டுமா' என்று ஒரு வரி எழுதியிருந்தாய் பார், படித்ததும் உனக்குப் போன் போடலாமா என்று கை பரபரத்தது. கொடுக்காதே. மூன்றில் முழுசாக ஒரே வாட்ச் அதுதான்.

டயல் ஓரத்தில் காபி நிறத்தில் பரவியிருக்கிறதே, அது உள்ளே ஈரம் போய் வார்னிஷ் மங்கியது. மோசமான விஷயம்தான், ஆனால் அந்தக் கறை எழுத்தின் மேலேயும் ஒரே சீராக ஓடுகிறது, எழுத்துக்குக் கீழே புதிய பெயின்ட் இல்லை. மணியைக் காட்டும் உலோகக் கட்டைகள் ஒட்டப்படவில்லை, டயலில் ஓட்டை போட்டுக் கால் இறக்கியவை, ஒன்றுகூடச் சாயவில்லை. கீழே 'சுவிஸ்' ஒரு பக்கம், 'மேட்' ஒரு பக்கம், 6-ன் கட்டைக்கு இருபுறமும் சமமாக, கேஸ் விளிம்பில் பாதி ஒளிந்துகொண்டு. திரும்ப அடிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள், விட்டுவிடுவார்கள் அல்லது ரொம்ப மேலே ஏற்றிவிடுவார்கள். முள்ளில் இருக்கும் மங்கலும் கட்டைகளில் இருக்கும் மங்கலும் ஒரே வயசு. ஸ்டிராப் மாட்டும் கொம்புகளின் ஓரம் இன்னும் கையில் உறுத்தும் என்று நினைக்கிறேன், பாலிஷ் சக்கரத்தில் கொடுத்திருந்தால் அந்த ஓரம் சோப்பு போல வழவழத்துப் போயிருக்கும்.

சாவி கொடுக்கும் திருகான கிரௌன் மட்டும் அதனுடையதல்ல. கொஞ்சம் தடித்திருக்கிறது, கம்பெனியின் மணல்கடிகாரச் சின்னமும் அதில் இல்லை. கண்ணாடியும் மாற்றியதாகத்தான் இருக்கும். அதனால் என்ன, அப்பா தினமும் சாவி கொடுத்தவர், கிரௌன் தேயாமல் இருக்குமா, சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரரிடம் கையில் இருந்ததைப் போட்டுக் கொடுத்திருப்பார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றியதை மாற்றவில்லை என்று சொல்லி அதற்கும் விலை கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல். டயலைத் தொடாதே, கேஸை பாலிஷ் போடாதே என்று ஒரு சீட்டில் எழுதியே கொடு, வாயால் சொன்னால் பையன்கள் மறந்துவிடுகிறார்கள். ஏதாவது பாகம் மாற்றினால் பழையதை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுது. கொடுப்பதற்கு முன் டயலையும், பின்மூடியைத் திறந்து மெஷினையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

சீகோவை வைத்துக்கொள், மழைக்கும் ரயிலுக்கும் நல்ல வாட்ச், கொடுத்த விலைக்கு மோசமில்லை. ஆரஞ்சு பைலட்டை விற்றவரிடம் போட்டோவோடு ஒரு தடவை கேட்டுப் பார், பணம் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் பேரனுக்குக் கொடு, அவனுக்கு நிறம் பிடிக்கும். எப்படியும் பைலட் என்று சொல்லி இன்னொருத்தர் தலையில் கட்டிவிடாதே. இனிமேல் வாங்குவதாக இருந்தால் பின்மூடி திறந்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதே. கேட்டதும் விற்கிறவர், திறந்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும் சார் என்று ஆரம்பித்தால் அப்படியே நகர்ந்துவிடு, 50 வருஷப் பழைய வாட்சில் ஏது வாட்டர்ப்ரூஃப்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். சீ கிங்கை அங்கே யாரிடமும் கொடுக்காமல் கையிலேயே எடுத்து வந்தாலும் சரிதான், எனக்குத் தெரிந்த கடைக்காரர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார், கை நடுக்கம் இல்லை. ஞாயிறும் பொங்கல் நாட்களும் கடை லீவு, டிக்கெட் போடும்போது அதைப் பார்த்துப் போடு. வரும்போது மாட்டுங்காவில் அந்தக் காபிப் பொடி அரைக் கிலோ, சிக்கரி இல்லாமல்.

அன்புடன்,
ராமு