பரத்பூர் போகிறவர்கள் முதலில் தண்ணீரை விசாரியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பரத்பூர் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதிலும் அந்த மஞ்சள்மூக்கு நாரைக் கூடுகளை எடுத்தவர் யாரோ, அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். ஆனால் கட்டுரை நெடுக "மனிதக் கை படாத இயற்கை" என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ராஜஸ்தானில் பரத்பூரை ஒட்டி இருக்கும் அந்தப் பறவைச் சரணாலயத்தில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில், மனிதக் கை படாத இடம் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. அது ஒரு கண்மாய். பெரிய கண்மாய், உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கண்மாய், அவ்வளவுதான்.

எங்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆள் யாரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினாலும் கரை எது, மடை எது, வரத்துக்கால் எது என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார். 18ஆம் நூற்றாண்டில் பரத்பூர் ராஜா சூரஜ்மல் கட்டியது அஜான் கரை. ஊருக்குள் வெள்ளம் வராமல் கம்பீர், பாணகங்கை ஆற்றுத் தண்ணீரை மறிக்கக் கட்டினார்கள். பின்னால் வந்த ராஜாக்கள் அங்கிருந்து கால்வாய் வெட்டி, உள்ளே சிறு கரைகள் போட்டு, மடை வைத்து, தாழ்வான நிலத்தில் தண்ணீரைத் தேக்கினார்கள். பறவை மேல் பாசம் வந்து செய்த வேலை இல்லை, வாத்து சுடுவதற்குச் செய்த வேலை. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள், அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டிப் பூங்காவுக்குள் இருக்கும் சிவன் கோவிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். கட்டுரையாளர் அந்தக் கோவிலைப் படம் எடுத்திருக்கிறார், கல்வெட்டை விட்டுவிட்டார்.

சரி, பழைய கதையை விடுவோம். இதை நான் ஏன் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்றால், கண்மாய் என்று புரிந்துகொண்டால்தான் அங்கே இன்று நடக்கிற தகராறும் புரியும். சுமார் 29 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. ஒரு வருடத்துக்கு 55 கோடி கன அடித் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, அதாவது நம் பேச்சில் அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. காவிரிச் செய்தி படித்துப் பழகியவர்களுக்கு இது சின்னத் தொகை. ஆனால் கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்ச்னா அணை வந்தபிறகு அந்தச் சின்னத் தொகையும் யாராவது ஷட்டரைத் திறந்தால்தான் வரும் என்றாகிவிட்டது. 2004இல் மழை பொய்த்தபோது அணைப் பகுதி விவசாயிகள் திறக்கவே கூடாது என்று நின்றார்கள், அரசும் பணிந்தது. அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. தன் வயல் காய்கிறபோது நாரைக்குத் தண்ணீர் விடு என்றால் எந்த ஊர் விவசாயி கேட்பார்?

அதற்கப்புறம் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாகவும், சம்பல் குடிநீர்த் திட்டத்திலிருந்து ஒரு பங்காகவும் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். பூங்கா பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் குழாய்த் தண்ணீரும் ஆற்று வெள்ளமும் ஒன்றில்லை. ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது மீன்குஞ்சும் நுண்ணுயிரும் சேர்ந்து வரும், அதை நம்பித்தான் நாரையும் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு கட்டுகின்றன. கருவேல மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் நரியும் மற்றதும் கூட்டுப் பக்கம் போகாது. தண்ணீர் வேண்டிய அளவு வந்தால் மட்டும் போதாது, வேண்டிய மாதத்தில் வரவேண்டும். இதைக் கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"மனிதர்களை வெளியேற்றினால் இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. இந்தக் கருத்தை வைத்துப் பரிசோதனை செய்து பார்த்த இடமே பரத்பூர்தான்! 1982இல் தேசியப் பூங்கா ஆனதும் சுற்றுக் கிராமத்து எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று தடை போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. எருமை போனதும் என்ன ஆனது? மேய ஆளில்லாமல் பாஸ்பாலம் என்கிற நீர்ப்புல் திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது, வாத்துக்கு நீந்த இடமில்லை, மீனுக்கும் இடமில்லை. சொன்னது யாரோ மேய்ச்சல்காரர் அல்ல, அந்தத் தடையை ஆதரித்த பக்கத்திலேயே இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பல வருட ஆய்வை அங்கே நடத்திய வி.எஸ். விஜயன்தான் பிறகு நம் கோவையில் சலீம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநராக வந்தவர். தங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த முடிவை மறைக்காமல் எழுதினார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். எருமையை அவிழ்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஒரேயடியாக நிறுத்தியது தப்பு என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். ஆமாம், நம் ஊரைப் பிடித்த அதே மரம் அங்கேயும் பிடித்திருந்தது. அதை வேரோடு பிடுங்கச் சுற்றுக் கிராமத்தாரையே அழைத்து, பிடுங்கிய விறகை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று வனத்துறை விட்டது. துப்பாக்கிச் சூடு நடந்த அதே இடத்தில் இப்படி ஒரு ஒப்பந்தம் நடந்திருக்கிறது, பயணக் கட்டுரையில் அரைப் பத்தி கொடுத்திருக்கலாம். நம் மாநிலத்தில் சீமைக்கருவேலத்துக்காக நீதிமன்றம் வரை போய்வந்த நமக்கு இது உபயோகமான செய்தி இல்லையா?

அப்புறம் ஒரு திருத்தம். "காணக்கூடிய பறவைகள்" பெட்டியில் சைபீரியக் கொக்கு இருக்கிறது. 1960களில் 200 வரை வந்தன. மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக வரும்போது வேட்டையில் செத்துச் செத்துக் குறைந்து, 2001-02 குளிர்காலத்தில் ஒரு ஜோடி வந்ததோடு சரி. அதை நம்பி டிக்கெட் எடுத்துப் போகும் வாசகர் ஏமாறுவார். அங்கே நெடுநெடுவென்று செந்தலையோடு நிற்பது சாரஸ் கொக்கு, உள்ளூர்ப் பறவை, அதுவும் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இருக்கும். கூடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி விடுமுறை வரை காத்திருக்காமல் மழை முடிகிற சமயத்தில் போவது மேல், கூட்டமும் இருக்காது.

சைக்கிள் ரிக்ஷாக்காரர்களைப் பற்றி ஒரே வாக்கியம் வந்திருந்தது, அதுவும் "வாகனமாக". பூங்காவுக்குள் அவர்கள்தான் வழிகாட்டிகள். ஆந்தை பகலில் எந்த மரப்பொந்தில் தூங்குகிறது, மலைப்பாம்பு வெயில் காய எந்த வளைக்கு வெளியே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி, பறவைப் பெயரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொல்லுவார்கள். தண்ணீர் வராத வருடத்தில் சுற்றுலாக்காரர் வராமல் அவர்களுக்கும் பிழைப்புப் போகிறது. அணைத் தகராறு என்றால் விவசாயி ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம் என்று மட்டும் எழுதுகிறோம், இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரத்பூர் பற்றியோ, நம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பற்றியோ எழுதினால், விடுதி வாடகை, ரயில் நேரம் போடும் அந்தப் பெட்டியிலேயே இந்த வருடம் தண்ணீர் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் கிடைக்கிற தகவல்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பரமக்குடி