45-ஆம் தெருவுக்கு வா, கண்ணு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் குளிர் பழகிவிட்டது. ஆனால் அண்ணன் வாங்கிக் கொடுத்த கோட்டை வீட்டுக்குள்ளேயும் கழற்ற மாட்டேன் என்கிறாள். உன் ஆபீஸில் உன்னை ஜனவரியில் நியூயார்க்குக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அண்ணி சொன்னதிலிருந்து வீடே கலகலப்பாக இருக்கிறது.

அன்றைக்குப் போனில் நீ சொன்ன ஒன்று மனசிலேயே நிற்கிறது. "டைம்ஸ் ஸ்கொயர்ல என்னப்பா இருக்கு? நாலு பக்கமும் விளம்பரம், நடுவுல கூட்டம். அதுக்கு ஒரு நாளை வீணாக்கணுமா?" என்றாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

நம் வீட்டுப் பக்கம் பஸ் ஏறினால் நேரே 42-ஆம் தெரு, எட்டாவது அவென்யூ போர்ட் அத்தாரிட்டி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் டைம்ஸ் ஸ்கொயர். சாயங்காலமானால் அந்தப் பக்கம் போய்விடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நீ சொல்கிற விளம்பரமும் கூட்டமும் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விளம்பரங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது.

1904-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அங்கே கட்டடம் கட்டியதால் வந்த பெயர் அது. 1980-களில் அந்த இடத்தைச் சுற்றி வரிசையாக ஆபீஸ் கோபுரங்கள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். அப்படி வந்தால் விளம்பரப் பலகைகளெல்லாம் போய், ராத்திரியில் இருண்டு கிடக்கும் இன்னொரு வியாபாரத் தெருவாகிவிடும் என்று ஊர்க்காரர்கள் பயந்தார்கள். 1984-ல் ஒரு மாலை விளக்குகளை அரை மணி நேரம் அணைத்து வைத்து, இருட்டு எப்படி இருக்கும் என்று மேயருக்கே காட்டினார்கள். 1987-ல் சட்டம் வந்தது: அங்கே புதிதாகக் கட்டடம் கட்டுகிறவர் பெரிய, வெளிச்சமான பலகை வைத்தே தீர வேண்டும். நீ வெறும் விளம்பரம் என்கிறாயே, அது மக்கள் கேட்டு வாங்கிய வெளிச்சம், அம்மாடி.

சரி, வெளிச்சத்தை விடு. உன்னை நான் கூப்பிடுவது அதற்கு இல்லை, நாடகத்துக்கு. டைம்ஸ் ஸ்கொயர் வழியாகப் போகும் தெரு பிராட்வே. அதன் பெயரால் பிராட்வே அரங்குகள் என்று கணக்கில் சேர்வது 41 நாடக அரங்குகள். 500 இருக்கைகளாவது இருந்தால்தான் அந்தக் கணக்கில் வரும். அவற்றில் மிகச் சிலதான் பிராட்வே தெருவில் வாசல் வைத்திருக்கின்றன. மற்றவை எல்லாம் 44, 45, 46 என்று குறுக்கே போகும் தெருக்களில் இருக்கின்றன. விளம்பரத் திரைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அந்தத் தெருக்களுக்குள் நுழைவதே இல்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது.

நீ 45-ஆம் தெருவிலிருந்து ஆரம்பி. பிராட்வேக்குக் கிழக்கே லைசியம் அரங்கு இருக்கிறது. 1903-ல் திறந்தது. கனமான கல் தூண்களும், அலை அலையாக வளைந்த வாசல் கூரையும் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைக் கட்டிய நாடகத் தயாரிப்பாளர் டேனியல் ஃப்ரோமன் அரங்கின் மேல்மாடியிலேயே குடியிருந்தார். அவர் வீட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் கீழே மேடையில் நாடகம் நடப்பது தெரியும். தொழிலை இப்படித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதரை நினைத்து, எதிர்ப்பக்க நடைபாதையில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி மேற்கே வந்தால் மாரியட் மார்க்கி ஓட்டல் வானளாவ நிற்கும். அதற்கு இடம் கொடுக்க 1982-ல் ஐந்து பழைய அரங்குகளை இடித்தார்கள். இடிக்கக் கூடாது என்று நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் தலைமையில் நடிகர்களும் ரசிகர்களும் திரண்டு நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அந்த அரங்குகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தக் கோபம் வீண் போகவில்லை. சில ஆண்டுகளிலேயே இருபதுக்கும் மேற்பட்ட அரங்குகளை நகராட்சி நினைவுச் சின்னங்களாக அறிவித்துவிட்டது. நான் உள்ளே போய் உட்கார்ந்த பால்கனி இன்றைக்கும் இருக்கிறதென்றால் அவர்கள் தெருவில் நின்றதால்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தப் பால்கனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செங்குத்தாக ஏறும் படி, முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும். வாசலில் பிளேபில் என்று ஒரு சின்னப் புத்தகம் இலவசமாகக் கொடுப்பார்கள். விரித்ததும் அதிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு என் மடியில் விழுந்தது. இன்றைய காட்சியில் இந்தப் பாத்திரத்தை இன்னார் ஏற்கிறார் என்று ஒரே ஒரு வரி. வழக்கமாக நடிக்கிறவர் வரவில்லை, மாற்று நடிகை வருகிறார் என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த வயதான அம்மாள், இப்படி மாற்றாக வருகிறவர்களில் சிலர் ஐந்தாறு பாத்திரங்களைக்கூட மனப்பாடமாக வைத்திருப்பார்கள், ஸ்விங் என்பார்கள், எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமலே தினமும் தயாராக இருப்பார்கள் என்று விளக்கினார். எனக்கு உடனே உன் ஞாபகம்தான். கல்லூரி நாடகத்தில் உன் வசனத்தோடு மற்றவர்கள் வசனத்தையும் தலைகீழாகச் சொல்வாயே.

அந்த மாற்று நடிகை முதல் காட்சியில் ஒரு தட்டை மேஜையில் வைக்கும்போது கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன். அப்புறம் நடுக்கம் போன இடமே தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் வணங்க வந்தபோது, கூட நடித்தவர்கள் இரண்டடி பின்னால் போய் அவளை மட்டும் முன்னால் நிறுத்திக் கைதட்டினார்கள். அரங்கமே எழுந்து நின்றது. வாரத்துக்கு எட்டுக் காட்சி அவர்களுக்கு. பெரும்பாலும் திங்கட்கிழமைதான் ஓய்வு. ஐநூறாவது தடவை சொல்லும் வசனத்தையும் முதல் தடவை போலச் சொல்கிறார்கள்.

2020 மார்ச் 12-ஆம் தேதி கொரோனாவால் அத்தனை அரங்குகளும் மூடின. பெரிய நாடகங்கள் திரும்பி வர 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் டைம்ஸ் ஸ்கொயர் திரைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன, கண்ணு. பார்க்கத்தான் ஆள் இல்லை. 46-ஆம் தெருவில் எட்டாவது, ஒன்பதாவது அவென்யூக்களுக்கு நடுவே வரிசையாக ஓட்டல்கள் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு இடம் கிடைக்காது, எட்டு மணி ஆவதற்குள் காலியாகிவிடும். எல்லோரும் நாடகத்துக்கு எழுந்து ஓடிவிடுவார்கள். அரங்கு திறந்தால்தான் அந்த அடுப்புகள் எரியும். அந்தப் பேட்டைக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. பிராட்வேயில் 45, 46 தெருக்களுக்கு இடையே முக்கோணமாக ஒரு திட்டு இருக்கும். அதன் வடக்குப் பக்கத்தில் தரையில் ஒரு இரும்புக் கம்பி வலை. அதன் மேல் நின்று காது கொடு. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்குமே, அந்த மாதிரி ஒரு ரீங்காரம் கீழேயிருந்து வரும். மாக்ஸ் நியூஹவுஸ் என்ற கலைஞர் 1977-ல் அமைத்தது. நடுவில் பத்து வருடம் நின்று போய், 2002-லிருந்து மறுபடி ஒலிக்கிறது. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. சுரங்க ரயில் சத்தம் என்று நினைத்து ஜனங்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். நீ நின்று கேள்.

39-ஆம் தெருவில் டிராமா புக் ஷாப் இருக்கிறது. நாடகப் புத்தகங்களுக்கென்றே இருக்கும் கடை, 1917-ல் தொடங்கியது. கூரையிலிருந்து புத்தகங்களாலேயே ஆன ஒரு பெரிய புழு வளைந்து நெளிந்து தொங்கும். அதற்கு ஒரு மதியம் ஒதுக்கு. உன்னை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம் என்று அம்மா இப்போதே சொல்கிறாள்.

டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்காதே. 47-ஆம் தெருவில் சிவப்புக் கண்ணாடிப் படிகளுக்கு அடியில் டிகேடிஎஸ் கவுண்டர் இருக்கிறது. 1973-லிருந்து அன்றன்றைய டிக்கெட்டுகளைப் பாதி விலை வரை குறைத்துத் தருகிறார்கள். இசை நாடகம் வேண்டாம், வசன நாடகம் போதும் என்றால் அதற்குத் தனி வரிசை உண்டு, சீக்கிரம் நகரும். புதன்கிழமை மதியக் காட்சி பெரும்பாலும் இரண்டு மணிக்கு. உன் வேலை அன்றைக்கு இடம் கொடுத்தால் அதுவே நல்லது. பொம்மை வேஷம் போட்டவர்கள் தோளில் கை போட்டு நின்றால் போட்டோவுக்குக் காசு கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நட. இடைவேளை பதினைந்து நிமிடம்தான். பழைய கட்டடங்கள், பெண்கள் கழிப்பறையில் வரிசை படி வரைக்கும் வந்துவிடும், திரை இறங்கியதும் எழுந்துவிடு என்று அம்மா எழுதச் சொன்னாள்.

பயணத் தேதி முடிவானதும் சொல். ஒரு நாடகத்துக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து போவோம், டிக்கெட் என் செலவு. கறுப்பு ஷூவை எடுத்துவராதே, பனியில் வழுக்கும். கனமான கையுறை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வரும்போது அம்மாவுக்குச் சுக்குப் பொடியும், எனக்கு அந்த மூட்டுவலித் தைலமும் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா